பன்னிரண்டில் கையை எடு

இரவு இரண்டு ஐம்பது. துறைமுகத்தின் பின்பக்கச் சாலை. ஒரு பக்கம் நீண்ட சுவர், மறுபக்கம் கறுத்த தண்ணீர். ஐந்து விளக்குக் கம்பங்களில் இரண்டுதான் எரிகின்றன. ஒரு மனிதர் தோளில் சாக்குப் பையோடு நடந்து வருகிறார். பைக்குள் ஒரு பித்தளைத் தகடு, நான்கு திருகாணி, ஒரு திருப்புளி, ஒரு சுத்தியல், ஒரு உளி. நடக்க நடக்க இரும்பு பித்தளையில் உரசுகிறது. கிண்... கிண்... வேறு சத்தமே இல்லை.

அந்த மனிதர் என் சிநேகிதியின் அண்ணன். அவளை உங்களுக்குத் தெரியும். போன மாதம் நம் விடுதிக்கு வந்து என் கட்டிலில் குறட்டை விட்டாளே, டெலிபோன் ஆபீஸ்காரி, அவள்தான். அதனால் எவனோ எவளுக்கோ சொன்ன கதை இல்லை இது. ஏய் தையற்காரி, இப்போதே சிரிக்காதே. உன் மூச்சில் மெழுகுவர்த்தி அணைந்தால் கரண்ட் வரும்வரை இருட்டில்தான் உட்கார வேண்டும்.

"அணைஞ்சா எனக்கு மட்டுமாக்கா இருட்டு? எல்லாருக்கும்தானே?" என்கிறாள். வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை.

உங்களைப் பயமுறுத்த நான் இதைச் சொல்லவில்லை. இதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பேய் பாட்டுக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். மனிதர்கள் செய்ததை முதலில் கேளுங்கள்.

அவர் நடந்து போனது ஒரு கப்பலுக்கு. கடற்படைக் கப்பல்தான், ஆனால் பீரங்கி கிடையாது. கடலை ஆராய்கிற கப்பல். நடுக்கடலில் போய் நிற்கும். ஒரு நீண்ட எஃகுக் கம்பியில் பன்னிரண்டு குப்பிகளை இடைவெளி விட்டு மாட்டி ஆழத்துக்குள் இறக்குவார்கள். குப்பிகள் திறந்தபடியே போகும். மேலிருந்து கம்பியோடு ஒரு பித்தளைக் குண்டை நழுவவிட்டால், அது போய் முதல் குப்பியில் இடித்து அதை மூடும். அந்தக் குப்பியின் அடியில் தொங்கும் இன்னொரு குண்டு கழன்று அடுத்த குப்பிக்குப் போகும். இப்படியே பன்னிரண்டும் மூடிக்கொள்ளும். அந்தந்த ஆழத்துத் தண்ணீர் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

மூன்று கிலோமீட்டருக்குக் கீழே குப்பி மூடியதா இல்லையா என்று மேலே நிற்பவனுக்கு எப்படித் தெரியும்? கம்பியில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்கள். ஒவ்வொரு இடியும் கம்பி வழியாக ஏறி வந்து கையில் தட்டும். டக்... ஒன்றரை நிமிஷம் கழித்து அடுத்தது. ஆழம் போகப் போகத் தட்டு மெலியும். நர்ஸ், உனக்குப் புரியும். நாடி பார்ப்பது போலத்தான். அதற்கென்றே ஒருவர் இருந்தார். கப்பலின் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ஓர் ஆள் மட்டும் நிற்கக்கூடிய பலகையில் நின்று, கண்ணை மூடி, கம்பியைப் பிடித்துச் சத்தமாக எண்ணுவார். கடலுக்கே நாடி பார்க்கிறவர் என்பதால் அவருக்குக் கப்பலில் வைத்தியர் என்று பெயர். பெண்டாட்டி ஊரில். கல்யாணமாகி நான்கு வருஷம்.

சிநேகிதியின் அண்ணனுக்கு, நாமும் அண்ணன் என்றே சொல்வோம், கம்பியைச் சுற்றுகிற வின்ச் இயந்திரத்தில் வேலை. வைத்தியருக்கும் அவருக்கும் நடுவில் நான்கு தப்படி. அண்ணனின் வலது கைப்பக்கச் சுவரில், சிவப்புப் பெயின்ட் அடித்து, ஒரு பெரிய வெட்டுக்கத்திரி தொங்கும். ஆபத்து வந்தால் கம்பியை வெட்டிவிட. ஒரே இறுக்கு. இரண்டு நொடி வேலை.

கப்பல் ஓடத் தொடங்கிப் பத்தாவது வருஷம். அதுவரை போகாத ஆழம், மூவாயிரத்து அறுநூறு மீட்டர். காற்று ஏறிக்கொண்டே வந்தது. விட்டுவிட்டு நாளைக்கு வரலாம் என்று எல்லோருக்கும் தெரியும். கேப்டனுக்கு அந்த ஆழம் அன்றைக்கே வேண்டும். பதவி உயர்வு பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம்.

வைத்தியர் எண்ணுகிறார். ஏழு... எட்டு... "ஒம்பது"...

ஒரு அலை. அவ்வளவுதான். பலகை காலி.

அண்ணன் கத்தினார். மிதவை வளையத்தை எறிந்தார்கள், காற்று அதைத் திருப்பி அடித்தது. படகு இறக்கினால் கப்பலிலேயே மோதி உடையும். கப்பலே திரும்பிப் போய்த் தூக்க வேண்டும். ஆனால் கீழே அவ்வளவு கம்பி தொங்கும்போது கப்பல் திரும்ப முடியாது. கம்பி போய்க் கப்பலின் அடியில் சுழலும் விசிறியில் சுற்றிக்கொள்ளும். ஒன்று, கம்பியைச் சுற்றி எடுக்க வேண்டும்... ஒரு மணி நேரம். இல்லை, வெட்ட வேண்டும். அண்ணன் கத்திரியைக் கையில் எடுத்துவிட்டார். கப்பலை ஓட்டுகிற மேலறையிலிருந்து ஒலிபெருக்கியில் கேப்டன் குரல்.

"வெட்டாத. எண்ணி முடி. அப்புறம் சுத்து."

கேட்டீர்களா? எண்ணி முடி! ஒரு மனிதன் தண்ணீரில் கையை ஆட்டிக்கொண்டிருக்கிறான். பன்னிரண்டு குப்பித் தண்ணீர் பெரிதாகப் போய்விட்டது அந்த ஆளுக்கு. கடலில் தண்ணீருக்கா பஞ்சம்?

அண்ணன் என்ன செய்தார் தெரியுமா... எண்ணினார். கத்திரியை மாட்டிவிட்டு, பலகையில் ஏறி, கம்பியில் கை வைத்தார். கண் எதிரே வைத்தியர் சின்னதாகிக்கொண்டே போகிறார். காற்று கப்பலைத்தான் தள்ளுகிறது, மனிதனைத் தள்ளவில்லை. பத்து. பதினொன்று. பன்னிரண்டு. அவ்வளவுதான் குப்பி. அதற்குமேல் கம்பியில் ஒன்றும் கிடையாது.

ஒன்றரை நிமிஷம் கழித்து... டக்.

பதின்மூன்று.

அண்ணன் கையை உதறிவிட்டு வந்து சுற்ற ஆரம்பித்தார். வைத்தியரின் கை இருபது நிமிஷம் தெரிந்ததாம். பிறகு தெரியவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பிப் போய் அந்த இடத்தை மூன்று சுற்றுச் சுற்றினார்கள். பன்னிரண்டு குப்பியும் பத்திரமாக வந்து சேர்ந்தன.

உள்ளதை எழுதினால் ஏன் வெட்டவில்லை என்று கேள்வி வரும் இல்லையா? அதனால் கப்பல் பதிவேட்டில் அன்றைக்கு, "பணி முழுமையாக நிறைவேறியது" என்று எழுதினார்கள். அடுத்த துறைமுகத்தில் இறங்கிய பிறகு, "இந்தப் பணியாளர் கப்பலுக்குத் திரும்பவில்லை, ஓடிப்போனார்" என்று இன்னொரு வரி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறோம். இவர்கள் ஒரு முழு மனிதனை மறைத்தார்கள். தளத்தில் நின்ற ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அண்ணனும்தான். எனக்கு அவர் மேலும் கோபம்தான், சிநேகிதியின் அண்ணன் என்று பார்க்க மாட்டேன்.

வைத்தியரின் பெண்டாட்டியை நினைத்துப் பாருங்கள். செத்தான் என்று சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். ஓடிப்போனான் என்று சொல்லிவிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? "இவ கூடக் குடும்பம் நடத்த முடியாமத்தான் ஓடிட்டான்" என்று சொந்தக்காரர்களே சொன்னார்கள். அவள் நம்பவில்லை. கப்பல் கரைக்கு வரும்போதெல்லாம் அந்தப் பின்பக்கச் சாலையில், சுவரோரம் வந்து நிற்பாள். இறங்கி வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி. "அவருக்கு என்னாச்சு? ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க." அண்ணன் தண்ணீர்ப் பக்கமாக ஒதுங்கி நடந்துவிடுவார். பத்தொன்பது வருஷம்.

பத்தொன்பது வருஷமும் கப்பல் வேலை செய்தது. ஒவ்வொரு இடத்திலும் பன்னிரண்டு குப்பி. ஒவ்வொரு இடத்திலும் பதின்மூன்று தட்டு. யாரும் வாயைத் திறக்கவில்லை. தானாகவே ஒரு வழக்கம் வந்துவிட்டது. பலகையில் புதிதாக நிற்க வருகிறவனுக்கு முதல் பாடமே அதுதான். "பன்னெண்டு சொன்னதும் கைய எடுத்துடு. ஏன்னு கேக்காத." அவனும் எடுத்துவிடுவான். அடுத்தவனுக்கும் அதையே சொல்லிக்கொடுப்பான். வேலையின் ஒழுங்கு என்றே பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்தார்களாம்.

இப்போது அந்தச் சாலைக்கு வாருங்கள். கப்பலுக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். காலை ஒன்பதுக்கு விழா. அதன் பணி வரலாற்றைப் பித்தளையில் பொறித்து வின்ச் தளத்துச் சுவரில் பதிக்க வேண்டும். பொறிக்கிறவன் தாமதம் செய்துவிட்டான். காலிக் கப்பலுக்குக் காவலாக வைத்திருந்த அண்ணன்தான் நள்ளிரவுக்கு மேல் பட்டறையில் உட்கார்ந்து வாங்கி வருகிறார். விழாவுக்குத் தலைமை யார் தெரியுமா? அதே கேப்டன். இப்போது பெரிய அதிகாரி, மார்பு நிறையப் பதக்கம்.

கப்பலில் இயந்திரம் எதுவும் ஓடவில்லை. பழைய டீசல் வாடை, நனைந்த கயிற்றின் வாடை. கரையிலிருந்து இழுத்த ஒற்றை பல்பு. அண்ணன் தகட்டைச் சுவரில் வைத்து இடது கையால் அழுத்திக்கொண்டு, திருகாணியை முடுக்குகிறார். அப்போதுதான் படிக்கிறார். இருபத்தொன்பது ஆண்டுகள். இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு இடங்களில் ஆய்வு. மூவாயிரத்து அறுநூறு மீட்டர் ஆழம் வரை... ஆமாம், அன்றைய ஆழம்தான், அதைப் பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். கடைசி வரி:

"ஓர் உயிர்ச்சேதமும் இல்லை."

இரண்டாவது திருகாணி. உள்ளங்கைக்குக் கீழே, தகட்டில்...

டக்.

எலி என்று நினைத்தார். டக். டக். முன்பெல்லாம் ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் ஒன்றரை நிமிஷம் ஆகும். ஆழத்திலிருந்து வர வேண்டுமே. அன்றைக்கு இடைவெளியே இல்லை. கதவைத் தட்டுகிற மாதிரி. பன்னிரண்டு வந்ததும் அவர் கை பழக்கத்தில் தானாக விலகிவிட்டது. தகடு ஒரு திருகாணியில் சாய்ந்து ஊசலாடியது.

திரும்பிப் பார்த்தார். கம்பியின் நுனியை அவரே ஒரு குண்டோடு சேர்த்துக் கம்பித் தடுப்பில் கட்டி வைத்திருந்தார். கட்டு அவிழ்ந்திருந்தது. கயிறு அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. வைத்தியர் சுருட்டுகிற மாதிரி, இடமிருந்து வலம். வின்ச் உருளை காலி. கம்பி நேராகத் தண்ணீருக்குள், விறைப்பாக இறங்கியிருந்தது. எவ்வளவு கம்பி போனது என்று காட்டுகிற முள்ளைப் பார்த்தார்.

மூவாயிரத்து அறுநூறு.

அந்தப் படகுத்துறையில் தண்ணீர் எட்டு மீட்டர்தான்.

ஓடியிருக்கலாம். நானாக இருந்தால் ஓடியிருப்பேன். அண்ணன் பலகையில் ஏறினார். கம்பியில் கை வைத்தார். நடுக்கடல் தண்ணீர் மாதிரிச் சில்லென்று இருந்ததாம். எண்ணினார். பன்னிரண்டு. கையை எடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பதின்மூன்று வந்தது. மெலிந்து வரவில்லை... கைக்கு நேர்கீழே, ஒரு முழம் தள்ளி, ஓங்கி ஒரு தட்டு.

"நான் வெட்டியிருக்கணும்!" என்று அந்தத் தண்ணீரைப் பார்த்துக் கத்தினாராம். "என் கையிலதான்யா இருந்துச்சு! நான் வெட்டியிருக்கணும்!"

பிறகு உளியையும் சுத்தியலையும் எடுத்தார். கடைசி வரியை அடித்துச் சிதைத்தார். அதன் கீழே, புள்ளி புள்ளியாக, வைத்தியரின் முழுப் பெயர், தேதி, மணி. "நீரில் விழுந்தார். இருபது நிமிடம் உயிரோடு இருந்தார். கம்பியை வெட்டவில்லை." முடித்து நிமிர்ந்தபோது வானம் வெளுத்திருந்தது. கம்பி உருளையில் சுற்றியிருந்தது. நுனி அவர் போட்ட முடிச்சோடு தடுப்பில் கட்டியிருந்தது. முள் பூஜ்யத்தில். பலகை மட்டும் நனைந்திருந்தது.

மீதித் திருகாணிகளையும் முடுக்கி, தகட்டைத் திரைத்துணியால் மூடிவிட்டு, முதல் பஸ்ஸைப் பிடித்து நேராக அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனார். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டது ஒன்றுதான்.

"கத்திரி உங்க கைக்கு எட்டுற தூரத்துலயா இருந்துச்சு?"

"கையிலயே எடுத்துட்டேன்மா. திருப்பி மாட்டிட்டேன்."

அறைந்தாள். அப்படி ஓர் அறை. பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு, "வாங்க, அந்த ஆளப் பாக்கணும்," என்றாள். பணியாளர் குடும்பத்துக்கு என்று கொடுத்த அழைப்பில் அண்ணன் அவளை உள்ளே அழைத்துப்போனார்.

ஒன்பது மணி. நாற்காலிகள், வாத்தியம், புகைப்படக்காரர்கள். பெரிய அதிகாரி சிரித்துக்கொண்டே திரையை இழுத்தார். படித்தார். சிரிப்பு அப்படியே உறைந்தது. புகைப்படக்காரர்கள் நெருங்கி வருகிறார்கள். அந்த ஆள் சட்டென்று, ஏதோ வாழ்த்துகிறவர் மாதிரி, உள்ளங்கையால் அந்த வரிகளை மூடிக்கொண்டார்.

இங்கேதான் கவனியுங்கள். கையை எப்போது எடுக்க வேண்டும் என்று கப்பலில் கடைசிப் பையனுக்குக்கூடத் தெரியும். கேப்டனுக்குத் தெரியாது. மேலறையில் நிற்பவர்கள் கம்பியைத் தொடுவதில்லை. அந்த வழக்கத்தை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

வாத்தியம் வாசித்துக்கொண்டிருந்தது. அண்ணன் அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். தன்னையறியாமல் எண்ண ஆரம்பித்திருந்தார் அந்த ஆள். பத்து... பதினொன்று... பன்னிரண்டு... கை அங்கேயே இருக்கிறது.

அப்புறம் ஓர் அலறல். வாத்தியம் நின்றுவிட்டது.

"வெட்டு! வெட்டுடா! கம்பிய வெட்டுடா!"

பத்தொன்பது வருஷம் பிந்தி வந்த உத்தரவு. விழாவுக்கு வந்திருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். அவளும் கேட்டாள். வின்ச் பக்கத்தில், அதே இடத்தில் நின்ற அண்ணன் அசையவில்லை. கத்திரி அவர் வலது கைப்பக்கம் சிவப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மிகவும் மரியாதையாகப் பதில் சொன்னார்.

"சுத்திக்கிட்டிருக்கோம் சார். ஒரு மணி நேரம் ஆகும்."

நான்கு பேர் சேர்ந்துதான் அந்த ஆளைத் தகட்டிலிருந்து பிரித்தார்களாம். சட்டைக் கை முழங்கை வரை நனைந்து, சொட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் பேப்பரில் வெயிலில் மயக்கம் என்று போட்டார்கள். மணி ஒன்பதேகால், வெயிலாம்! ஒரே வாரத்தில் புதுத் தகடு வந்தது. அதில் பழைய வரியே. இன்றைக்கும் அந்தக் கப்பலின் பணி வரலாற்றைப் புத்தகத்தில் எடுத்துப் பாருங்கள், ஓர் உயிர்ச்சேதமும் இல்லை என்றுதான் இருக்கும். அண்ணனை வேலையிலிருந்து அனுப்பினார்கள். கப்பலை உடைக்கக் கொடுத்தார்கள். பழைய தகட்டை மட்டும் அண்ணன் தூக்கிக்கொண்டு போய் அவளிடம் கொடுத்துவிட்டார்.

இதுவரை சிநேகிதி சொன்னது. இனி நான் பார்த்தது.

போன மாதம் அவள் வந்தாள் என்றேனே, என்னையும் அந்தப் பெண்ணின் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கடலிலிருந்து நாற்பது கிலோமீட்டர். இரண்டாவது மாடி. நடுக்கூடத்துச் சுவரில், மற்ற வீடுகளில் கல்யாணப் படம் மாட்டுகிற இடத்தில், அந்தத் தகடு. அந்த அம்மாவுக்கு இப்போது தலை பாதி நரைத்துவிட்டது. தினமும் ஒருமுறை அதில் கை வைத்து நிற்பாராம். பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"எதுக்குப் பயம்? ஓடிப் போகலைன்னு தெரிஞ்சிடுச்சு. அது போதும்," என்றார். "மொதல்ல எங்கயோ தூரத்துல கேட்டுச்சு. அப்புறம் தெருமுனை. இப்போ ரெண்டு மூணு நாளா... மாடிப்படியில கேக்குது."

பேசாமல் வந்திருக்கலாம். எனக்குத்தான் சும்மா இருக்க முடியாதே. அந்த கேப்டனையும், அண்ணனையும், பத்தொன்பது வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்த அத்தனை பேரையும் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து, உள்ளங்கையைத் தகட்டில் வைத்தார். "நீயும் கேளும்மா."

பித்தளை சில்லென்று இருந்தது. முதலில் ஒன்றுமில்லை. அப்புறம்... டக். எண்ணினேன். உங்கள் மேல் சத்தியமாக எண்ணினேன். படியில் ஈரக்கால் ஏறுகிற சத்தம் மாதிரி ஒவ்வொன்றும் நெருங்கி நெருங்கி... பத்து... பதினொன்று... பன்னிரண்டு.

கையை எடுத்துவிட்டேன்.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. என் கை இருந்த இடத்தில் தன் கையை வைத்துக்கொண்டு, வாசல் கதவைப் பார்த்தபடி சொன்னார்.

"எல்லாரும் இங்கதான் எடுக்கிறீங்க."